சி ஃபாரமும் முனுசாமியின் மூக்கு சாஸ்திரமும்

(வேலூர், காந்தி ரோடு. தமிழ், இந்தி, வங்காளம் என்று மும்மொழிப் பெயர்ப்பலகை மாட்டிய ஒரு லாட்ஜ். மேனேஜர் ஏகாம்பரத்தின் மேசைமுன் ஆட்டோக்காரர் முனுசாமி மூச்சிரைக்க வந்து நிற்கிறார்.)

முனுசாமி: அண்ணா, இந்த அநியாயத்தைக் கேளுங்கள்! சவாரியின் பெட்டியை இறக்கிவைக்கப் பக்கத்து லாட்ஜுக்குள் போனேன்; அங்கே புதிதாகச் சேர்ந்த பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாஸ்போர்ட், விசா" என்று கையை நீட்டுகிறான். சத்துவாச்சாரியில் பிறந்து வளர்ந்த நான் பங்களாதேஷ்காரனாம்!

ஏகாம்பரம்: வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை எழுதி, சி ஃபாரம் என்ற படிவத்தை அரசுக்கு அனுப்ப வேண்டுமே என்று பயந்திருப்பான். நேற்று நீ அழைத்து வந்த தம்பதியைக் காட்டி, "மூக்கே சொல்கிறது, டாக்காதான்" என்று என் காதில் ஓதினாய். அதை நம்பி நான் பாஸ்போர்ட் கேட்க, அந்தப் பெரியவர் ஆதார் அட்டையை எடுத்து மேசைமேல் அறைந்தார். ஊர், கொல்கத்தா.

முனுசாமி: இரண்டு பக்கமும் அதே பேச்சு, அதே மீன் குழம்பு, அதே முகம். 1947-இல் நிலத்தில் கோடு போட்டவர்கள், அப்படியே நெற்றியிலும் ஒன்று இழுத்துவிட்டிருந்தால் என்னைப் போன்ற தொழிலாளிக்கு உபகாரமாக இருந்திருக்கும்.

ஏகாம்பரம்: மிசோரம் மாணவனைச் சீனாக்காரன் ஆக்கினாயே, அதற்கும் அந்தக் கோடுதான் காரணமா?

முனுசாமி: ஊர் ஐஸ்வால் என்றான், அண்ணா; ஐஸ் என்று காதில் விழுந்ததும், சீனாவில் ஏதோ குளிர்ப்பிரதேசம் என்று முடிவுகட்டி இருநூறு ரூபாய் கேட்டேன். "நான்கு வருடங்களாக இங்கேதான் படிக்கிறேன், காட்பாடிக்கு எண்பதுக்கு மேல் தரமாட்டேன்" என்று, என்னைவிடத் திருத்தமான தமிழில் சொல்லி ஸ்டாண்டே சிரிக்கும்படி செய்துவிட்டான்.

ஏகாம்பரம்: போகட்டும். பாலாற்றங்கரை முத்துமண்டபத்துக்குச் சவாரி ஏற்றுகிறாயே, அங்கே அடக்கமாகியிருப்பவர் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815-இல் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, நம் கோட்டையில் காவலில் இருந்து, 1832-இல் இங்கேயே காலமானவர். அவர் இப்போது வந்து அறை கேட்டால் என்ன சொல்வாய்?

முனுசாமி: இலங்கை மன்னர் என்றால் முகத்தைப் பார்க்கவே வேண்டாம், சி ஃபாரம்தான்.

ஏகாம்பரம்: அவர் நாயக்கர் வம்சம். இயற்பெயர் கண்ணுசாமி.

முனுசாமி: கண்ணுசாமியா? எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். அப்படியானால் ஆதாரே போதும், அண்ணா.

ஏகாம்பரம்: சிங்கள நாட்டை ஆண்டவரிடம் ஆதாரா? உன் பேச்சைக் கேட்டால், அவர் இருந்த கோட்டையில் என்னைக் கொண்டுபோய் வைப்பார்கள். அது கிடக்கட்டும், நான் எந்த ஊர்? அதைச் சொல் பார்க்கலாம்.

முனுசாமி: இதென்ன கேள்வி? அந்தச் சுருட்டை முடியும் மீசையும் பாலக்காடு என்று பறைசாற்றுகின்றனவே!

ஏகாம்பரம்: எனக்கு ராணிப்பேட்டையப்பா. வீட்டில் தெலுங்கு பேசுவோம். கேரளத்தை ரயிலில்கூடக் கடந்ததில்லை. ஆண்டு தவறாமல் நீ வந்து ஓணம் வாழ்த்துச் சொல்லும்போதெல்லாம், பிழைத்துப் போகட்டும் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

முனுசாமி: (நெடுநேரம் யோசித்து) அதனால்தான் ஒரு வருடம்கூடப் பாயசம் வரவில்லையா, அண்ணா?