எல்மோ இல்லைங்க, கெர்மிட்!

கெர்மிட் என்ற பச்சைத் தவளை வரும் அமெரிக்க டிவி கைப்பொம்மைகள், அதாவது மப்பெட்ஸ், அவற்றின் ரசிகன் என்று சொன்னால் போதும், "ஓ, அந்த எல்மோ வருமே?" என்று கேட்டுவிடுகிறார்கள். எல்மோ, செசமி ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் டிவி நிகழ்ச்சிக்காரன் ஐயா! பிரித்துச் சொல்லப் போனால் சிக்கல் இன்னும் கூடுகிறது. எல்மோவும் மப்பெட்ஸை உருவாக்கிய ஜிம் ஹென்சன் பட்டறையில் பிறந்த மப்பெட்தான். கெர்மிட்டும் செசமி ஸ்ட்ரீட்டில் கோட்டு மாட்டிக்கொண்டு செய்தி சொன்னவன்தான். நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் செல்போனுக்குத் திரும்பியிருப்பார்.

அப்புறம், "இன்னுமா குழந்தைங்க பொம்மை பார்க்கிறே?" 1976 முதல் 1981 வரை 120 எபிசோடு வந்த மப்பெட் ஷோ, பெரியவர்களும் சேர்ந்து பார்க்கத்தான் எடுக்கப்பட்டது. 1955இல் ஹென்சன் செய்த முதல் கெர்மிட், அம்மாவின் பழைய கோட்டுத் துணி. கண்ணுக்கு இரண்டாகப் பிளந்த பிங்பாங் பந்து. உள்ளே இருக்கும் கை லேசாக மடங்கினால் மூஞ்சி முழுக்கச் சுருங்கும். அந்த அரைப் பந்துக்குள் எப்படி இத்தனை கவலை என்று எனக்கு இன்னமும் புரியவில்லை.

போன பிறந்தநாளுக்கு நண்பன் ஆசையாக ஒரு டி-ஷர்ட் தந்தான். பிரித்தால் சிவப்பாக, பல்லில்லாமல் சிரிக்கிறான் எல்மோ. சரி, துணி நல்ல துணி. போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.