நூறு வருடம் கைவிடாத ஒரு குடும்பம்

ஆல்ப்ஸ் மலை ஹோட்டல் என்றாலே இப்போது எல்லோரும் பகிர்வது ஒரே மாதிரிப் படம்தான்: சுற்றிலும் பனி, நடுவில் ஆவி பறக்கும் வெந்நீர்க் குளம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கையில் பணம் இருந்தால் அந்தக் குளத்தை யாரும் கட்டிவிடலாம். இரண்டு உலகப்போரைத் தாண்டி ஒரு ஹோட்டலை ஒரே குடும்பம் வைத்திருப்பதுதான் பெரிய காரியம்.

சுவிட்சர்லாந்தின் எங்கடீன் பள்ளத்தாக்கில், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் சில்ஸ் மரியா என்று ஒரு சின்ன ஊர். ஜெர்மன் தத்துவஞானி நீட்சே பல கோடைகளைக் கழித்த ஊர். அதற்கு மேலே காட்டு மேட்டில் கோட்டை மாதிரி நிற்கிறது வால்ட்ஹவுஸ் ஹோட்டல். ஜோசப் கீகர், அமாலி கீகர் தம்பதி 1908-ல் திறந்தது. இன்று நடத்துவது அதே குடும்பத்தின் ஐந்தாம் தலைமுறை.

இதன் அருமை புரிய வேண்டுமானால் ஊரை ஒட்டிய சில்ஸ் ஏரியின் மறுமுனையில் இருக்கும் மலோயா என்ற ஊரைப் பார்க்க வேண்டும். 1884-ல் பெல்ஜியத்துப் பிரபு ஒருவர் அங்கே 300 அறைகளுக்கு மேல் வைத்து ஒரு அரண்மனை ஹோட்டலைக் கட்டினார். அந்த வருடம் பார்த்து பக்கத்து நாடான இத்தாலியில் காலரா. சில மாதங்களிலேயே திவால். பணத்துக்குக் குறைவில்லாமல்தான் ஆரம்பித்தார், ஆனால் ஒரு மோசமான சீசனைத் தாங்க முடியவில்லை.

கீகர் குடும்பத்துக்கு வந்த சோதனை அதைவிடப் பெரியது. ஹோட்டலுக்கு ஆறு வயது ஆனபோது முதல் உலகப்போர் வெடித்தது, ஐரோப்பா முழுக்கப் பயணம் நின்றுபோனது. அப்புறம் பொருளாதார மந்தம், அடுத்த போர். 1940களில் சுவிஸ் நாட்டிலேயே இந்த மாதிரிப் பழைய ஆடம்பர ஹோட்டல்களை அசிங்கம் என்று நினைத்தார்கள். சிலவற்றை இடித்துவிடலாம் என்று கட்டடக்கலை நிபுணர்களே திட்டம் போட்டுக் கொடுத்தார்கள்.

இதில் என் மனதை விட்டு அகலாத ஒரு விஷயம் உண்டு. 1946-ல் சில்ஸ் ஏரியை நீர்மின் திட்டத்திலிருந்து காப்பாற்ற, தங்க நிறத் தாள் சுற்றிய சாக்லேட் காசுகளை நாடு முழுக்க விற்றுப் பணம் திரட்டினார்கள். ஏரி பிழைத்தது. சில வருடம் கழித்து, அதே சாக்லேட் காசு விற்ற பணத்தைக் கொண்டு சுவிட்சர்லாந்தின் இன்னொரு மலையான ரீகியின் உச்சியில் இருந்த பழைய ஹோட்டல்களை இடித்துச் சுத்தம் செய்தார்கள். இயற்கையை நேசித்தவர்களுக்குக்கூட அந்தக் கட்டடங்களின் அருமை தெரியவில்லை. அந்தக் காலத்தில் வால்ட்ஹவுஸைப் பூட்டாமல் வைத்திருக்க, வெறும் வியாபாரப் புத்தி போதாது, பிடிவாதம் வேண்டும்.

சரி, வெல்னஸ் என்று சொல்கிற ஸ்பா, நீச்சல் குளம் மாதிரி வசதிகள்? அதுவும் உண்டு. உள்ளரங்க நீச்சல் குளம் 1970-லேயே வந்துவிட்டது. பெரிய ஸ்பா வந்தது 2016-ல், ஹோட்டல் தொடங்கி 108 வருடம் கழித்து. என்னைக் கேட்டால் அதுதான் சரியான வரிசை. 'சித்தார்த்தா' நாவலை எழுதிய ஹெர்மன் ஹெஸ்ஸே 1949 முதல் 1961 வரை கோடைதோறும் இங்கே வந்து, மொத்தம் 370 நாட்கள் தங்கியிருக்கிறார். அவர் தேடி வந்தது சானா என்ற வெப்ப அறைக் குளியலை அல்ல. காட்டு நடை, காற்று, அமைதி, வருடாவருடம் அதே முகங்கள். இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியவில்லை.

அங்கே வெல்டே-மின்யோன் என்ற பழைய தானியங்கிப் பியானோ இருக்கிறது. துளையிட்ட காகிதச் சுருள் உருள உருள, காற்று உறிஞ்சும் விசையில் கட்டைகள் தானாக அமுங்கும். எப்போதோ ஒரு கலைஞர் வாசித்தது, அவர் தொட்ட அழுத்தத்தோடு திரும்பக் கேட்கும். அதைப் பழுது பார்த்து வைத்திருப்பதில் லாபம் ஒரு பைசா கிடையாது. விருந்தினர்களுக்காக இசைக் கலைஞர்கள் மூவர் வாசிக்கும் வழக்கத்தையும் குடும்பம் விடவில்லை. வெளியிலிருந்து ஒரு முதலீட்டு நிறுவனம் வந்து வாங்கியிருந்தால், முதல் வருடக் கணக்கிலேயே இந்த இரண்டு செலவையும் வெட்டியிருக்கும் என்றே நினைக்கிறேன்.