'4கே'ன்னு போட்டிருந்தா மட்டும் போதாது

டிவியில ஓடிடி படம் பார்க்க மாட்டுற ஸ்ட்ரீமிங் பெட்டிகளைப் பத்தின உங்க கட்டுரையில, பெட்டி மேல 4கே-ன்னு இருந்தா எதை வேணா வாங்கலாம்னு எழுதியிருக்கீங்க. நான் அப்படி நம்பித்தான் ஏமாந்தேன் சார்.

தண்டையார்பேட்டையில எங்க வீட்டு ஹால் பத்துக்குப் பன்னெண்டு. அதுல ஆசையா 5.1 ஸ்பீக்கர் (சுத்தி அஞ்சு ஸ்பீக்கர், அதிர்வுக்கு ஒரு சப்வூஃபர்) வெச்சிருக்கேன். போன வருஷம் கொட்டை எழுத்துல 4கே போட்ட ஆண்ட்ராய்டு பெட்டி ஒண்ணு மலிவா வாங்கினேன். ஓடிடி படம் போட்டா முகமெல்லாம் மசமசன்னு இருந்துச்சு. பார்த்தா வைட்வைன் எல்3. வைட்வைன்னா படத்தைக் காப்பி அடிக்காம காக்குற பூட்டு; அதுல எல்1 தான் உசத்தி, எல்3 கடைசி. எல்1 இல்லாத பெட்டிக்கு நெட்ஃபிளிக்ஸ் ஹெச்டியே தராது. எல்1 இருந்தாலும் அவங்க அங்கீகாரம் தனியா வேணும். காசு கொடுக்குறதுக்கு முன்னாடி கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்க.

சத்தம்தான் எனக்கு உயிர். ஆப்டிகல் வயர்ல டால்பி டிஜிட்டல் 5.1 வரும், தலைக்கு மேலிருந்தும் சத்தம் கேட்க வைக்கிற அட்மாஸ் வராது. ஓடிடி அட்மாஸுக்கு ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியிலிருந்து சத்தத்தை, ஸ்பீக்கரை இயக்குற ரிசீவருக்கு அனுப்புற இணைப்பு) போதும். ப்ளூ-ரே டிஸ்க்குல வர்ற, தரம் குறையாத ட்ரூஹெச்டி சத்தத்துக்குத்தான் அதோட மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேணும். 5.1 படம் ஓடும்போதும் ரிசீவர் டிஸ்பிளேல 'ஸ்டீரியோ'ன்னு எரிஞ்சா, பெட்டியோட ஆடியோ செட்டிங்ஸ்ல பாஸ்த்ரூ (சத்தத்தை மாத்தாம அப்படியே ரிசீவருக்கு அனுப்புறது) போட்டுப் பாருங்க. நான் போட்ட அன்னிக்கு மழைச் சத்தம் சோபாவுக்குப் பின்னாடியிருந்து கேட்டுச்சு. அம்மா எழுந்து போய் மாடியில காயப்போட்ட துணியைப் பார்த்துட்டு வந்தாங்க!

இன்னொண்ணு, சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம். பெட்டி 60 ஹெர்ட்ஸ்லயே, அதாவது நொடிக்கு 60 தடவைன்னு தள்ளினா, 24-க்கு அது சரியா வகுபடாததால கேமரா மெல்லத் திரும்புற காட்சியில படம் திக்கித் திக்கி நகரும். படத்தோட ஃப்ரேம் ரேட்டுக்கு ஏத்த மாதிரி டிவிக்கு அனுப்புற வேகத்தை மேட்ச் பண்ற வசதி ஆப்பிள் டிவி 4கே-யில இருக்கு. இதைப் பத்தி ஒரு வரிகூட நீங்க எழுதலையே, சேர்த்துடுங்க சார்.