சிப்பியை அப்படியே கொட்டாதீர்கள்

மேசை விளக்கின் உள்ளே வெற்றிடமான கண்ணாடி அடிப்பாகத்தை அழகுக்காக நிரப்புவது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். கடற்கரையில் பொறுக்கிய சிப்பியையும் மணலையும் அதில் அப்படியே நிரப்பலாம் என்கிறது அது. ஒரு மழைக்காலம் தாங்காது. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். கண்ணாடி உள்பக்கம் மங்கும், நடுவிலுள்ள இரும்புக் குழாய் துருப்பிடிக்கும். நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகே போட வேண்டும்.

எடையும் முக்கியம். ஒரு லிட்டர் மணல் சுமார் 1.5 கிலோ. 3 லிட்டர் பிடிக்கும் விளக்கு என்றால் 4.5 கிலோ ஏறும், நகர்த்தவே பயமாக இருக்கும். சார்ட் பேப்பரைச் சுருட்டி நடுவில் நிறுத்தி, சுற்றிலும் மட்டும் நிரப்புங்கள். பாதி மணல் மிச்சம், வயரும் உள்ளே மறைந்துவிடும். சுருளின் வாயை ஓர் அட்டைத் துண்டால் மூடாவிட்டால் மணல் உள்ளே சரிந்து மேல்மட்டம் குழிந்துவிடும்.

கூழாங்கல்லை மேலிருந்து போடாதீர்கள், அடி விரிசல் விடும். விளக்கைச் சாய்த்து ஒவ்வொன்றாகச் சறுக்கி விடுங்கள். சிவப்பு நிறத்துக்கு மஞ்சாடி விதை அருமை. குன்றிமணி வேண்டவே வேண்டாம், கடும் விஷம். அரிசி, பருப்பு? வண்டுக்குத்தான் விருந்து!