அந்த எட்டுப் பேரில் ஒருத்தி நான்

அந்த மடகாஸ்கர் பதிவை இதற்குள் எல்லோரும் படித்திருப்பீர்கள். நேற்றிலிருந்து எனக்கே ஏழெட்டுப் பேர் அனுப்பிவிட்டார்கள், "நீங்களும் இந்த ட்ரிப்தானே போனீங்க?" என்ற கேள்வியோடு. ஆமாம், போனேன். "வழிகாட்டி என் கையைப் பிடித்து முறுக்கினான், கூட வந்த எட்டுப் பேரும் சாட்சி" என்று எழுதி ஒற்றை ஸ்டார் போட்டிருக்கிறாரே, அந்த எட்டுப் பேரில் ஒருத்தி நான். என்னைக் கேட்காமலே சாட்சி ஆக்கிவிட்டதால் சாட்சியைச் சொல்லிவிடுகிறேன். கையை யாரும் முறுக்கவில்லை. லெமூருக்கு நீட்டிய பழத்தை வழிகாட்டி அவர் கையிலிருந்து வாங்கினார். அவ்வளவுதான் நடந்தது.

இடம் அன்ஜா. தலைநகர் அந்தனனரிவோவிலிருந்து தென்மேற்குக் கடற்கரை வரை போகும் ஏழாம் எண் நெடுஞ்சாலையில், அம்பலவாவ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. யானை படுத்த மாதிரி பாறைகள், அடியில் சுமார் 30 ஹெக்டேர் காடு, அதற்குள் வரிவால் லெமூர்கள், குரங்குக்குத் தூரத்துச் சொந்தம், வாலில் கறுப்பு வெள்ளை வரி. அரசாங்கப் பூங்கா இல்லை, ஊர்க்காரர்களே சங்கம் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். 2012-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு இந்தச் சங்கத்துக்குக் கிடைத்தது. உள்ளே நுழையும்போதே அந்த ஊர்ப் பெண் ஒருத்தி, எதையும் தின்னக் கொடுக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். கையை ஆட்டியும் காட்டினாள். பதிவு போட்ட நம்மவர் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, குட்டியை முதுகில் சுமந்துகொண்டு ஒரு தாய் லெமூர் பாறையிலிருந்து இறங்கியதும் பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து உரித்து நீட்டினார். இன்னொரு கையில் போன். அதன் வாய்க்கும் அவர் விரலுக்கும் ஒரு சாண் இருக்கும்போது எங்கள் வழிகாட்டி பின்னாலிருந்து வந்து, "சாரி சார், சாரி சார்" என்று சொல்லிக்கொண்டே பழத்தை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உரித்த பழத்தை! முறுக்குகிறவன் சாரி சொல்லிக்கொண்டா முறுக்குவான்?

சரி, அவர் பக்கத்தையும் பார்ப்போம், இல்லையென்றால் "ஒருதலைப்பட்சம்" என்று வந்துவிடுவீர்கள்.

"பழம்தானே கொடுத்தார், விஷமா கொடுத்தார்?" இதைத்தான் அந்தப் பதிவுக்குக் கீழே முப்பது பேர் எழுதியிருக்கிறீர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட லெமூர் வகைகள் இருக்கின்றன, அத்தனைக்கும் உலகத்திலேயே சொந்த மண் அந்த ஒரு தீவுதான். வரிவால் லெமூர் அழியும் ஆபத்தில் இருக்கிற வகை. மனிதன் கையில் தின்னப் பழகிய மிருகம் என்ன ஆகும் என்று நமக்கு வெளியூரிலிருந்து யாரும் வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. அழகர்கோவிலில் குரங்கிடம் பையைப் பறிகொடுத்தவர்கள்தானே நாம்? நம் சளி, இருமல் எல்லாம் அதற்கும் தொற்றும், அது வேறு. இதையெல்லாம் வழிகாட்டி முதல் நாளே சொன்னார், வண்டியில் வைத்து, நல்ல ஆங்கிலத்தில்.

"ஆண்டாசிபே பக்கம் ஒரு விடுதியில் லெமூரைத் தோளில் ஏறவிட்டு அவர்களே பழம் கொடுக்கச் சொன்னார்களே, அங்கே சரி, இங்கே தப்பா?" இது கொஞ்சம் நியாயமான கேள்விதான். அவை வீடுகளில் வளர்த்து மீட்கப்பட்டவை என்று சொன்னார்கள், இருந்தாலும் எனக்கு அதுவும் உவப்பாக இல்லை. அப்புறம் ஏன் நீயும் தோளில் லெமூரோடு போட்டோ எடுத்தாய் என்று கேட்பீர்கள். எடுத்தேன். அழித்துவிட்டேன். சரி, அழிக்கவில்லை, யாருக்கும் அனுப்பவில்லை. அதற்காக அன்ஜாவில் பழம் கொடுத்தது சரியாகிவிடுமா? வழிகாட்டி கையை முறுக்கினார் என்றாகிவிடுமா? பழத்தை வாங்கினார், அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் எனக்கு ஏறிவிட்டது. "நாம் காசு கொடுத்துப் போகிறோம், அவன் நமக்கு வேலை செய்ய வந்தவன்." இதற்கு எண்ணூறு லைக்.

அந்த மனிதர் பன்னிரண்டு நாளில் என்ன வேலை செய்தார் என்று சொல்லட்டுமா? அந்த நெடுஞ்சாலை 900 கிலோமீட்டருக்கு மேல் நீளம். வரைபடத்தில் பார்த்தால் ஒரே கோடு, இறங்கிப் பார்த்தால் பல இடங்களில் குழிதான் சாலை. இருட்டினால் மாட்டுத் திருடர்கள் பயம் என்பதால் பொழுது சாய்வதற்குள் ஊர் சேர்த்துவிட வேண்டும், ஆனால் ஒன்பது பேருக்கும் ஒன்பது இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும், ஒருவருக்கு ஜாகரண்டா மரம், ஒருவருக்குக் கழிப்பறை, ஒருவருக்கு அந்த்சிராபேயில் கைரிக்ஷா. "மூர மூர" என்பார், மெதுவாக மெதுவாக என்று அர்த்தமாம். சொல்லிவிட்டு ஓடுவார்! ராணோமாஃபானா காட்டில் மழையில் வழுக்கும் மலைச்சரிவில் எங்களுக்கு முன்னால் ஏறிப்போய், 1986-ல்தான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்த தங்க மூங்கில் லெமூரைத் தேடிக் காட்டினார். சயனைடு உள்ள மூங்கில் குருத்தைத் தின்று செரிக்கிற உயிர் அது. நம்மவர் அதைப் பார்த்து "இவ்வளவுதானா?" என்றார்.

ஆண்டாசிபே காட்டில் விடிகாலையில் இந்திரி என்ற லெமூர் கத்தியதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கத்தல் என்று சொல்லக்கூடாது, சங்கை யாரோ தண்ணீருக்குள் வைத்து ஊதுகிற மாதிரி, ஒன்று ஆரம்பிக்க மலைக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொன்று எடுக்கும். இருக்கிற லெமூர்களிலேயே பெரியது அது, கூண்டில் பிழைக்காது. தேன் எடுக்க மரமேறித் தேனீ கொட்டி விழுந்த ஒருவனை இந்திரி தாங்கிப் பிடித்துக் காப்பாற்றியதாகக் கதை, அதனால் அதைக் கொல்வது அந்தப் பகுதி மக்களுக்கு 'ஃபாடி', அதாவது விலக்கு. இதைக் கிசுகிசுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போது யார் போனில் பக்திப்பாட்டு அலாரம் அடித்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

முதல் நாள் வழிகாட்டி இன்னொன்றும் சொன்னார். மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டிக் கிடந்து, சுமார் 8.8 கோடி வருடத்துக்கு முன் பிரிந்த நிலமாம். "ஆகவே நாம் பிரிந்த சொந்தக்காரர்கள்" என்று சிரித்தார். முதலில் கைதட்டியவர் யார் தெரியுமா? நம்மவரேதான். அதே சொந்தக்காரர்தான் ஏழு நாளில் "அவன்" ஆகிவிட்டார்.

சாப்பாட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறார், "சோறு, சோறு, மறுபடியும் சோறு" என்று. நாம் சொல்கிறோம் இதை! புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் மூட்டை கட்டிக்கொண்டு போன நாம்! அவர்கள் மூன்று வேளையும் சோறுதான் சாப்பிடுகிறார்கள். வடித்த பானையில் அடிப்பிடித்ததை அப்படியே விட்டு, தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, பழுப்பாக ஒரு தண்ணீர் கொடுப்பார்கள், ரனுவூலா என்று பெயர். முதல் வாய் குடித்ததும் எனக்கு எங்கள் அப்பத்தா ஞாபகம். அடிச்சோற்றைச் சுரண்டித் தண்ணீர் ஊற்றி உப்பு போட்டு அவள்தான் குடிப்பாள், எங்களுக்கு மேல்சோறு.

அப்பத்தாவைச் சொல்லிவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். பதிவில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசியதை வழிகாட்டி தடுத்ததும் ஒரு குற்றமாக வருகிறது. "எவ்வளவு சந்தோஷமாக ஓடிவந்து பொறுக்கினார்கள் தெரியுமா, அந்தச் சிரிப்பைப் பறித்துவிட்டான்" என்கிறார்.

நான் பாம்பன்காரி. ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் அப்பத்தா தரவையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள், பாலம் பார்க்க வந்த வேன் ஒன்று நின்றது. தொப்பி போட்ட ஒருவர் இறங்கி, "பாட்டி, இங்கே பாருங்க" என்றார். அவள் முந்தானையை இழுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் சுற்றி வந்து எடுத்தார். அவள் மறுபடி திரும்ப, அவர் மறுபடி சுற்ற, வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். போகும்போது பத்து ரூபாய்த் தாளைக் கருவாட்டு மேல் போட்டுவிட்டுப் போனார். கையில் கொடுக்கவில்லை, போட்டார். அப்பத்தா அதை எடுத்து, மீன் செதிலைத் துடைத்து, மடியில் முடிந்துகொண்டாள். அவர்களுக்கு அந்தக் கிழவி சந்தோஷமாகக் காசு வாங்கிக்கொண்டதாகத்தான் இத்தனை வருடமும் ஞாபகம் இருக்கும். அன்று ராத்திரி அவள் யாரோடும் பேசவில்லை.

உடனே "அப்போ உதவியே செய்யக்கூடாதா?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வழி இருக்கிறது என்று வழிகாட்டியே சொன்னார். யாரும் கேட்கவில்லை. நானும் ஒரு கிராமத்தில் "வசாஹா, வசாஹா" என்று ஓடிவந்த பிள்ளையிடம் ஜன்னல் வழியாக ஒரு பேனாவைப் போட்டேன். வசாஹா என்றால் வெளிநாட்டுக்காரர்கள். போட்ட பிறகுதான் அந்தத் தொப்பிக்காரர் ஞாபகம் வந்தது.

இன்னொன்று வருமே, "அவர் வயதில் மூத்தவர், நல்ல மனிதர், பொதுவில் இப்படி எழுதலாமா?" நல்ல மனிதர்தான். நான் மறுக்கவே இல்லை. வண்டியில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தபோது தன் பையிலிருந்து இஞ்சி மரப்பா கொடுத்தவர் அவர். அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். அதனால்தான் அன்ஜாவில் அவர் கத்தியபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்னும் ஐந்து நாள் அதே வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார வேண்டுமே என்ற கணக்கும் இருந்தது. எட்டுப் பேரும் அப்படித்தான் நின்றோம், ஒருவர் பாறையைப் பார்த்துக்கொண்டு, ஒருவர் கேமராவைத் துடைத்துக்கொண்டு. நாங்கள் பேசாமல் நின்றதைத்தான் அவர் இப்போது சாட்சி என்கிறார். அது மட்டும் பொய்யில்லை.

மறுநாள் காலையிலும் வழிகாட்டி அவருக்குத்தான் முதலில் வண்டிக் கதவைத் திறந்துவிட்டார். கடைசியில் இஃபாட்டி கடற்கரையில் வெஸோ மக்களின் தோணியில் எங்களை ஏற்றிவிட்டார். எங்கள் வல்லம் மாதிரி இல்லை, பக்கவாட்டில் மிதப்புக் கட்டை கட்டிய மெல்லிய தோணி. கரையில் மீன் காயப்போட்டிருந்த கிழவியை எடுக்க ஒருவர் போனை நீட்டியதும், "முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்" என்றார். கேட்டோம். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவ்வளவுதான், அங்கே ஒன்றும் இடிந்து விழவில்லை.

நேற்று ராத்திரி அதே பக்கத்தில் நானும் என் மதிப்புரையை எழுத உட்கார்ந்தேன். ஐந்து ஸ்டார் போட்டுவிட்டேன். வழிகாட்டியின் பெயர் என்று ஒரு கட்டம் வந்தது. அவர் பெயர் ரயில் மாதிரி நீளம், முதல் நாளே சொன்னார், எங்களுக்கு வராது என்று முதல் இரண்டு எழுத்தை வைத்தே பன்னிரண்டு நாளும் கூப்பிட்டோம். எங்கள் ட்ரிப் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன், முழுப் பெயர் யாருக்காவது தெரியுமா என்று. எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், நீல டிக் விழுந்திருக்கிறது. இதை எழுதுகிற வரை பதில் இல்லை.

அண்ணா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ஸ்டாரை மாற்றுவதும் மாற்றாததும் உங்கள் இஷ்டம். எட்டுப் பேர் சாட்சி என்பதை மட்டும் ஏழு என்று திருத்திவிடுங்கள்.

ட்ரிப்புக்கு எவ்வளவு செலவு என்று இன்பாக்ஸில் கேட்டிருப்பவர்களுக்கு நாளை பதில் போடுகிறேன். இன்று முடியாது.