ஊதுபத்தியை ஊதி ஒரு பிறந்தநாள்

ஜெர்மனியில் நண்பனுக்குப் பிறந்தநாள் கொண்டாடுவதற்கு, பேசாமல் திதி கொடுத்துவிடலாம்.

ஆபீஸில் ஒருவருக்கு முந்தின நாளே வாழ்த்துச் சொல்லிவிட்டேன். சாவுச் செய்தி கேட்ட மாதிரி முகம் வெளுத்துவிட்டது. முன்கூட்டி வாழ்த்தினால் ஆகாதாம்! ராகுகாலம் பார்க்கிற நம்மைக் கிண்டல் செய்யும் ஆள் அவர். அப்புறம் கேக்? பிறந்தநாள்காரரே கொண்டுவர வேண்டும். அவரே சுட்டு, அவரே வெட்டி, அவரே நீட்ட வேண்டும். பிறந்தது அவ்வளவு பெரிய குற்றமா?

சரி, நம் பசங்களுக்குள் நம் வழக்கப்படி செய்வோம் என்றால், நண்பன் பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை. சனி இரவு 11.45க்கு மெழுகுவர்த்தி இல்லை என்று தெரிகிறது. கடை இனி திங்கட்கிழமைதான். கேக்கில் ஊதுபத்தியைச் செருகினோம். அவன் ஊத ஊத அது இன்னும் ஜோராகப் புகைந்தது. 10 மணிக்கு மேல் சத்தம் கூடாதே என்று எட்டுப் பேர் கிசுகிசுவென்று ‘ஹேப்பி பர்த்டே’ பாடுகிறோம். எல்லாரும் இவ்வளவு அடக்கமாக இருக்க, உத்தரத்தில் இருந்த புகை அலாரம் மட்டும் ஊரைக் கூட்டியது.

காலையில் கதவில் ஒரு சீட்டு. கீழ்வீட்டுப் பாட்டிதான். நேரம் 00.04 என்று குறித்து, அடியில் கோடு வேறு. அவ்வளவு எழுதியவர் பையனுக்கு ஒரு வாழ்த்து எழுதியிருக்கக் கூடாதா? அப்போது முன்கூட்டியும் இல்லையே!