டூப்பிலிருந்து ஒரே தாவலில் இயக்குநரா?

'தி மேட்ரிக்ஸ்' படத்தில் கீனு ரீவ்ஸுக்கு டூப் போட்ட சாட் ஸ்டஹெல்ஸ்கி, அனுபவமே இல்லாமல் நேரடியாக 'ஜான் விக்' இயக்கிவிட்டார் என்றொரு பதிவு சுற்றுகிறது. தவறு.

'தி மேட்ரிக்ஸ்' வந்த 1999-க்கும் 'ஜான் விக்' வந்த 2014-க்கும் நடுவே 15 வருடம். அதில் அவர் சண்டை அமைப்பாளர், செகண்ட் யூனிட் இயக்குநர். அதாவது முதன்மை இயக்குநர் வசனக் காட்சி எடுக்கையில், தனி கேமரா குழுவோடு சண்டைக் காட்சியை எடுப்பவர். படப்பிடிப்புக்கும் முன்னால், ஒத்திகைக் கூடத்தில் அட்டைப்பெட்டிகளைச் சுவராக அடுக்கி, சண்டையை வீடியோ எடுத்து, எடிட் செய்தே காட்டுவார்கள். லென்ஸ், கோணம், கட் எல்லாம் அங்கேயே கைக்கு வந்துவிடும்.

டூப் என்றால் முகத்தை மறைக்க அடிக்கடி கட் போட வேண்டும்; 'ஜான் விக்'கில் நாயகன் ரீவ்ஸே பயிற்சி எடுத்ததால்தான் ஷாட்கள் நீளமாக நிற்கின்றன.

தனியாளாகவும் இயக்கவில்லை. இன்னொரு சண்டைக் கலைஞரான டேவிட் லீச்சும் சேர்ந்தே இயக்கினார். திரையில் இயக்குநர் என்று ஸ்டஹெல்ஸ்கி பெயர் மட்டும்தான் வந்தது.